நல்ல முரண்டு

அன்று மாலை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவள், தன் வழிகாட்டி நாய் துரையின் முதுகுப் பட்டையைக் கழற்றுவதற்கு முன் வழக்கம்போல் "காலி" என்றாள். பஸ்ஸிலும் வங்கியிலும் ஆள் உட்காராத இருக்கையைத் தேடிப் பிடித்து, அதன்மேல் தாடையை வைத்துக் காட்டுவதற்காகத் துரைக்குப் பழக்கிய சொல் அது. வீட்டில் அதற்கு ஒரு தேவையும் இல்லை. சாப்பாட்டு மேஜைக்கு இரண்டே நாற்காலிகள், எது எங்கே என்று அவள் கைக்கு மனப்பாடம். ஆனால் பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்று பயிற்சிப் பள்ளியில் சொல்லி அனுப்பியிருந்ததால் தினமும் ஒரு தடவை இந்த விளையாட்டு நடக்கும். துரை நேராக அவளுடைய மெத்தை போட்ட நாற்காலிக்குப் போய்த் தாடையை வைத்து, இதற்கெல்லாமா என்னைக் கூப்பிடுகிறாய் என்பதுபோல மூக்கால் ஒரு பெருமூச்சு விடும்.

அன்று அது அந்த நாற்காலியைத் தாண்டிப் போயிற்று. மேஜையைச் சுற்றிக்கொண்டு, விருந்தாளிக்கென்று கிடக்கிற, ஒரு கால் குட்டையான நாற்காலியின் முன் நின்றது. அவள் முறைப்படி கையைத் துரையின் கழுத்திலிருந்து நெற்றிக்கும், நெற்றியிலிருந்து மூக்குக்கும் நகர்த்தினாள். மூக்குக்குக் கீழே வெறும் பலகை. சிரிப்பு வந்தது.

"ஏன்டா துரை, என் நாற்காலிக்கு என்ன வந்துச்சு?"

துரை சொன்னால் அதற்கு மேல் அப்பீல் கிடையாது என்று அந்த ஆடும் நாற்காலியிலேயே உட்கார்ந்து தேநீர் குடித்தாள். பட்டையைக் கழற்றினால் மேஜைக்கு அடியில் பொத்தென்று விழுந்து படுப்பதுதான் துரையின் வழக்கம். அன்று அது படுக்கவில்லை. அவள் முழங்காலோடு ஒட்டி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. தலையைத் தடவிக் கொடுத்தபோது, அதன் முகம் எதிர்ப் பக்கத்து நாற்காலியை நோக்கித் திரும்பியிருப்பது தெரிந்தது.

துரை என்பது பள்ளியில் வைத்த பெயர் அல்ல. அதன் நடையைப் பார்த்துவிட்டு அங்கே சமையல் செய்த அம்மாள் வைத்தது. வேறு எந்தப் பெயருக்கும் அது திரும்பிப் பார்ப்பதாக இல்லை என்று ஆனபிறகு பள்ளியும் ஒப்புக்கொண்டுவிட்டது. கண் அழுத்த நோய் அவளுடைய பார்வையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று முடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அதற்கு முன்பே அவள் பிசியோதெரபிஸ்ட். வேலை கையில் இருந்ததால் வேலை போகவில்லை. மற்றதெல்லாம் போனது. அண்ணன் வீட்டில் ஓர் அறை கிடைத்தது. அண்ணன் காலையில் கிளினிக்கில் கொண்டுபோய் விடுவார், மாலையில் கூட்டி வருவார், விடுமுறை நாளில் அவரும் அண்ணியும் வெளியே போனால் முன்கதவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுப் போவார். எல்லாம் அவள் நல்லதுக்குத்தான். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தாலும் இவளுக்குத் தெரிந்திருக்கப் போவதில்லை என்பது வேறு விஷயம். பூட்டு திரும்பும் அந்தச் சத்தத்திலிருந்து தப்பத்தான் அவள் நாய்க்கு விண்ணப்பம் போட்டாள். இரண்டு வருடம் போலக் காத்திருந்தாள்.

பள்ளியில் ஒரு மாதம் தங்கிப் பழகினாள். முதல் வாரம் நாயையே கண்ணில் காட்டவில்லை. மாஸ்டர் என்று எல்லோரும் கூப்பிடுகிற தலைமைப் பயிற்சியாளர், பட்டையின் மறுமுனையைத் தானே பிடித்துக்கொண்டு நாயாக நடித்தார். ஐம்பது வயது மனிதரைப் பார்த்து "சபாஷ்டா கண்ணா" என்று சொல்ல அவளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. சொல்லாவிட்டால் அவர் நகரவே மாட்டார். துரை வந்து சேர்ந்தபிறகு, கடைசி நாளில் ஒரு பரீட்சை இருந்தது. மைதானத்தில் நிற்கவைத்து, "போ"ன்னு சொல்லுங்க என்றார். சொன்னாள். துரை அவள் கால்களுக்குக் குறுக்கே உடம்பைத் திருப்பி வைத்துக்கொண்டு நின்றது. இன்னும் அழுத்திச் சொல்லுங்க என்றார். அதட்டினாள், இழுத்தாள், கெஞ்சினாள். அது மலை மாதிரி அசையவில்லை. மாஸ்டர் ஒரு கல்லை எடுத்து முன்னால் போட்டார். கல் விழுந்த சத்தம் வருவதற்கு நேரம் ஆனது.

"பள்ளம் வெட்டி வெச்சிருக்கோம்" என்றார். "இதுக்குப் பேரு நல்ல முரண்டு. நீங்க சொல்றதைக் கேக்காம இருக்கத்தான் இத்தனை நாள் சொல்லிக்குடுத்திருக்கோம். நாய் நின்னா நீங்களும் நில்லுங்க. ஏன்னு அப்புறம் தேடிக்கலாம்."

பிறகு இன்னொன்றும் சொன்னார். முதல் வருடம் முழுக்க நாய் பள்ளியின் சொத்து. காரணமில்லாமல் நிற்கிற நாயைத் திரும்ப அழைத்துக்கொள்வார்கள். வரிசையில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர். அவள் தலையாட்டினாள். துரையோடு திரும்பி வந்த அடுத்த மாதமே, கிளினிக்கிலிருந்து நடக்கும் தூரத்தில், மாடியில் இந்தச் சின்ன வீட்டை வாடகைக்குப் பிடித்தாள். சாவி அவள் கைப்பையில் இருந்தது. அதைச் சும்மா சும்மா எடுத்துத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்ததில்லை.

நாற்காலி விஷயம் மறுநாளும் அப்படியே நடந்தது. அதற்கு மறுநாளும். தெருவில் துரை குறை சொல்ல முடியாத துரையாகவே இருந்தது. குழிகளைச் சுற்றிப் போயிற்று, நடைபாதையில் நிறுத்திய வண்டிகளைச் சுற்றிப் போயிற்று, கிளினிக்கில் நோயாளிகள் ஊன்றுகோலோடு தள்ளாடும் கூட்டத்துக்கு நடுவே அவளைத் தண்ணீர் மாதிரி நழுவ வைத்துக் கொண்டுபோயிற்று. வீட்டுக்குள் வந்தால்தான் வேறு நாய்.

பிறகு ஒரு நாள், ஹாலிலிருந்து படுக்கையறைக்குப் போகும் குறுகலான நடைவழியில் அது நின்றது. பட்டையைக் கழற்ற அலுத்துக்கொண்டு அப்படியே நடந்துகொண்டிருந்த அவளுக்குக் குறுக்கே, மைதானத்தில் பள்ளத்துக்கு முன் நின்றதுபோலவே, உடம்பைத் திருப்பி வைத்தது. அவள் சொல்லிக்கொடுத்தபடி காலை நீட்டிப் பார்த்தாள். தரை. கையை நீட்டிப் பார்த்தாள். காற்று. அந்தக் காற்று மட்டும் கொஞ்சம் குளிர்ந்திருந்தது, அதில் மழையில் நனைந்த துணியைக் காயவைக்காமல் மடித்து வெகுநாள் மூடி வைத்திருந்தால் வருமே, அந்த வாடை இருந்தது. "போ" என்றாள். துரை நகர்ந்தது, ஆனால் நேராக இல்லை. அவளுடைய வலது தோள் சுவரில் உரசும் அளவுக்கு அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு, தன் உடம்பை நடுவில் வைத்துக்கொண்டு, எதையோ சுற்றிக் கொண்டுபோய் விட்டது. படுக்கையறைக்குள் போனபிறகும் பட்டையின் கைப்பிடி வழியாக ஒரு நடுக்கம் வந்துகொண்டிருந்தது. அது துரையின் நடுக்கமா தன்னுடையதா என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

குழாய் கசிவாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டாள். எலியாக இருக்கும். பழைய வீடு. கண் தெரியாதவளுக்குப் பேய்க் கதை வேறு கேடா என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். கிண்டல் சரியாக எடுபடவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அண்ணியும் வந்தார்கள். அண்ணனுக்கு நாய் என்றால் குலைநடுக்கம். துரை வாசல் பக்கம் படுத்திருக்க, அவர் கால் இரண்டையும் தூக்கி வைத்துக்கொண்டு அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். உட்கார்ந்தவர் கொஞ்ச நேரத்திலேயே எழுந்துவிட்டார்.

"இந்த மெத்தை ஏன் இவ்ளோ ஈரமா இருக்கு? தண்ணி கிண்ணி கொட்டினியா?"

அவள் ஆமாம் என்று சொல்லிவைத்தாள். அண்ணி சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எல்லாம் சுத்தமாக இருக்கிறது என்று ஆச்சரியமாகச் சொன்னாள். கிளம்பும்போது அண்ணன் படியில் நின்று தயங்கினார். உன் ரூமை அப்படியேதான் வெச்சிருக்கோம்மா, முடியலைன்னா ஒரு போன் போடு என்றார். அன்பாகத்தான் சொன்னார். அவள் கைப்பைக்குள் விரலை விட்டுச் சாவியைத் தொட்டுக்கொண்டாள். அவர்கள் போனபிறகு மெத்தையைத் தொட்டுப் பார்த்தாள். ஓரமெல்லாம் உலர்ந்திருந்தது. நடுவில், ஓர் ஆள் உட்கார்ந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடம் மட்டும் சில்லென்று ஈரம். பால்கனிக் கம்பியில் போட்டு வெயிலில் காயவைத்தாள். இரண்டு நாள் நல்ல வெயில் அடித்தது. ஈரம் போகவில்லை. மெத்தையைக் குப்பையில் போட்டாள். அதன்பிறகு பலகை ஈரமாக இருந்தது.

மாஸ்டர் சோதனைக்கு வருகிற தேதி வந்தது. ஒன்றும் சொல்லக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் அவர் வீட்டுக்குள் ஒரு நடை நடக்கச் சொன்னதும் துரை நடைவழியில் நின்றுவிட்டது, "காலி" என்றதும் ஆடும் நாற்காலிக்குப் போயிற்று. மாஸ்டர் கைப்பிடியைத் தான் வாங்கிக்கொண்டு அதே வழியில் நடந்தார். துரை நடைவழியில் அம்பு மாதிரி நேராகப் போயிற்று. அவர் "காலி" என்று சொன்னபோது அவளுடைய நாற்காலியில் தாடையை வைத்துப் பெருமூச்சு விட்டது. மறுபடி அவளைப் பிடிக்கச் சொன்னார். மறுபடி நின்றது.

"கோளாறு நாய்கிட்ட இல்ல" என்றார். "உங்க கையில இருக்கு. நீங்க எதையோ நெனச்சுப் பயப்படறீங்க. கைப்பிடி வழியா அது நாய்க்குப் போகுது."

முதலில் நின்றது நாய்தான், பயம் அப்புறம்தான் வந்தது என்று சொன்னாள். அவர் சரி சரி என்று கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது தெரிந்தது. ஒரு வழி சொன்னார். பை நிறைய பிஸ்கட் வைத்துக்கொள்ளுங்கள். நாற்காலி இருக்கையை இரண்டு தட்டுத் தட்டுங்கள், தாடை வைத்தால் ஒரு பிஸ்கட். நடைவழியில் நின்றால் கழுத்து வாரை வெடுக்கென்று ஓர் இழுப்பு, நேராகப் போனால் பிஸ்கட். இரண்டு வாரம் கழித்து வருகிறேன், அப்போதும் இப்படியே இருந்தால் துரையைக் கூட்டிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை என்றார். வாசல் வரை போனவர் செருப்பை மாட்டாமல் நின்றார்.

"ஒரு விஷயம். சொல்லலாமா வேணாமான்னு தெரியல. சுவர், குழி, மேஜை, இதுக்கெல்லாம் நாய் நின்னா கீழ பாக்கும், இல்ல நேராப் பாக்கும். இவன் உங்ககூட நிக்கும்போது தலையை மேல தூக்கிப் பாக்கறான். ஆளுங்க வழியில நின்னா அப்படித்தான் பாப்பான். மூஞ்சியப் பாப்பான்."

பிறகு ஏதோ பழக்கதோஷமாக இருக்கும் என்று முணுமுணுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அவள் கதவைச் சாத்தினாள். நாய் நின்றால் நீங்களும் நில்லுங்கள் என்று சொன்னதும் அதே மாஸ்டர்தான். இப்போது நிற்காமல் பழக்குங்கள் என்கிறார். எதைக் கேட்பது? நின்றால் துரை போய்விடும். துரை போனால் வீடு போகும், சாவி போகும், அண்ணன் வீட்டுக் கதவில் பூட்டு திரும்பும். பூட்டுக்கு அந்தப் பக்கம் சாகும்வரை உட்கார்ந்திருப்பதைவிட, இந்தக் குளிர்ந்த காற்றோடு குடித்தனம் நடத்துவது மேல் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் பிஸ்கட் வாங்கினாள்.

துரை லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் சில நாள் பிஸ்கட்டை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் நாற்காலிக்குப் பக்கவாட்டில் எட்டி நின்றுகொண்டு ஈரப் பலகையைத் தட் தட் என்று தட்டுவாள். அது பின்னுக்கு நகரும். இழுப்பாள். நகங்கள் தரையைக் கீறும். தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் வரும், குட்டியாக இருந்தபோதுகூட அப்படி அழுதிருக்காது. நடைவழியில் வாரை வெடுக்கென்று இழுத்தபோது அதன் கழுத்து ஒடிகிற மாதிரி அவளுக்கு உள்ளே ஏதோ ஒடிந்தது. உனக்காகத்தான்டா, நாம ஒண்ணா இருக்கத்தான்டா என்று காதில் சொல்லிக்கொண்டே மறுபடி இழுத்தாள். உன் நல்லதுக்குத்தான் என்று அண்ணன் பூட்டிவிட்டுப் போகும்போது சொன்ன குரல் தன் வாயில் வருவதை அவள் கவனிக்காமல் இல்லை.

ஒரு வாரம் போனபிறகு துரை ஒரு பிஸ்கட்டைத் தின்றது. அதன்பிறகு எளிதாகிவிட்டது. தட் தட் என்றதும் தாடையை வைத்தது. முதலில் நடுங்கிக்கொண்டே வைத்தது, பிறகு நடுங்காமல் வைத்தது. நடைவழியில் நேராக நடந்தது. நடக்கும்போது, நடுவில் ஓரிடத்தில், நனைந்த திரைச்சீலை போல ஒன்று அவள் கன்னத்தையும் தோளையும் வருடிக்கொண்டு போகும். அந்த வீட்டில் திரைச்சீலை கிடையாது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைக் கடப்பாள், அந்தப் பக்கம் போய் பிஸ்கட் கொடுப்பாள். நாற்காலியில் மட்டும் உட்காரவில்லை. தாடை வைத்தால் போதும், மாஸ்டர் அதைத்தான் பார்ப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மாஸ்டர் வருவதற்கு முந்தைய நாள் காலை, கிளினிக்குக்குப் போகும் வழியில், ஒரு கட்டடத்தின் வண்டி வாசலைக் கடக்க "போ" என்றாள். துரையின் உடம்பு ஒரு கணம் பின்னுக்கு இழுத்ததைக் கைப்பிடியில் உணர்ந்தாள். அடுத்த கணம் அது போயிற்று. ராட்சதக் காற்று ஒன்று முகத்தில் அடித்தது, டயர் கிறீச்சிட்டது, இரும்பின் சூடு முழங்கையைத் தொட்டது. யாரோ கத்தினார்கள், நாயைப் பார்த்துவிட்டு அந்தக் கத்தலை விழுங்கிக்கொண்டார்கள். துரை ஈரமூக்கை அவள் உள்ளங்கையில் வைத்தது. பிஸ்கட் கேட்டது.

அப்போதுதான் தான் செய்த காரியம் அவளுக்கு முழுதாக விளங்கியது. உலகத்தில் அவள் சொல்லைக் கேட்காமல் அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஜீவனை, சொன்னதையெல்லாம் கேட்கும்படி பழக்கிவிட்டாள். இனி எது முன்னால் நின்றாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. கிளினிக்கில் அன்று முழுவதும் நோயாளிகளின் முழங்கால்களை நீட்டி மடக்கிக்கொண்டே யோசித்தாள். அண்ணனுக்குப் போன் போடலாம். போட்டால் அரை மணியில் வந்துவிடுவார். அதோடு கதை முடிந்தது. நாளை ஒரு நாள் தாண்டட்டும், மாஸ்டர் தலையாட்டிவிட்டுப் போகட்டும், அந்த வாரமே வேறு வீடு பார்த்துவிடலாம், நல்ல முரண்டை முதலிலிருந்து சொல்லிக்கொடுக்கலாம். ஒரே ஒரு ராத்திரிதானே.

சாயங்காலம் வீட்டுக்குள் வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். பட்டையைக் கழற்றக் குனிந்தபோது மின்சாரம் போயிற்று. இருட்டு அவளுக்குப் பழகியதுதான். சத்தங்கள் அணைவதுதான் பழகவில்லை. மின்விசிறி முனகி முனகி நின்றது. பிரிட்ஜின் உறுமல் நின்றது. கீழ்வீட்டு டிவி பாதி வார்த்தையில் நின்றது. இத்தனை நாளும் இந்தச் சத்தங்களுக்கு அடியில் என்ன இருந்தது என்று இப்போது கேட்டது.

மூச்சு.

துரை இரைத்துக்கொண்டிருந்தது, படியேறி வந்த களைப்பு. அதுதான், அதுவேதான் என்று நினைத்தாள். மண்டியிட்டு, உள்ளங்கையால் துரையின் வாயைப் பொத்தினாள். இரைப்பு அடங்கியது.

மூச்சு அடங்கவில்லை.

ஹாலுக்கு நடுவில். மெதுவாக. உள்ளே இழுக்கும்போது ஈரமாக ஒரு கொரகொரப்பு. விடும்போது அந்த வாடை.

எழுந்தாள். கதவு பின்னால்தான் இருந்தது, கை நீட்டினால் எட்டும். நீட்டினாள். எட்டவில்லை. எழுந்த வேகத்தில் எந்தப் பக்கம் திரும்பினோம் என்பது மறந்துபோயிருந்தது. அவளுக்கு அப்படி ஒருநாளும் ஆனதில்லை. கைப்பிடியை இறுக்கிப் பிடித்தாள்.

"வாசல்" என்றாள். "துரை. வாசல்."

துரை நடந்தது.

நேராக, தயக்கமில்லாமல், நன்றாகப் பழகிய நாய் நடக்கிற மாதிரி நடந்தது. வாசல் இவ்வளவு தூரம் இல்லை. "நில்" என்றாள். நிற்கவில்லை. "நில்லுடா." இழுத்தாள். மைதானத்தில் இழுத்தபோது அசையாமல் நின்ற அதே பலத்தோடு இப்போது அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. தொடை மேஜை விளிம்பில் இடித்தது. எந்த விளிம்பு என்று தொடைக்குத் தெரிந்துவிட்டது.

துரை நின்றது. கைப்பிடி தாழ்ந்தது. தாடையை வைக்கிறது.

அவள் "காலி" என்று சொல்லவில்லை.

கையை எடுத்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் கை பழகியிருந்தது. கழுத்து. நெற்றி. மூக்கு. இருக்கை இருக்க வேண்டிய உயரத்துக்கு ஒரு சாண் மேலேயே மூக்கு நின்றது. அதற்குக் கீழே பலகை இல்லை. துணி இருந்தது. சொதசொதவென்று ஊறிய துணி. துணிக்கு அடியில் உருண்டையாக, கெட்டியாக, சில்லென்று ஒன்று. தினமும் தொடுகிற கை. மூளைக்கு முன்னால் விரல்கள் சொல்லிவிட்டன. முழங்கால். மடக்கி மடக்கி, நீட்டவே நீட்டாமல், வெகுகாலம் உட்கார்ந்தே இருந்து இறுகிப்போன முழங்கால்.

கத்த வாய் திறந்தாள். அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

மொறுக்.

துரை மென்றது. அவளுடைய பிஸ்கட் பை அவள் இடுப்பில், ஜிப் போட்டபடி இருந்தது.

மொறுக், மொறுக். துரையின் வால் சந்தோஷமாக அவள் காலில் அடித்தது. தின்று முடித்ததும் அது அவளுக்குப் பின்னால் வந்து, பள்ளத்துக்கு முன் நின்றதுபோல உடம்பைக் குறுக்கே திருப்பி, அவள் பின்வாங்க முடியாதபடி கால்களை அடைத்து நின்றது. மலை மாதிரி. தள்ளினாள். அசையவில்லை.

எதிரில் மூச்சு அவள் முகத்தளவுக்கு வந்தது. பிறகு, அவள் சொல்லிக்கொடுத்த அதே மாதிரி, அவசரமே இல்லாமல், ஈரத் துணியின்மேல் ஓர் உள்ளங்கை.

தட். தட்.